கடல் பார்த்த அறை கிடைத்தால் நாவல் முடிந்துவிடுமா?

கேள்வி: ஈரோட்டில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை நான். வயது 46. பவானியில் ஜமக்காளம் நெய்து பிழைத்த எங்கள் அமுச்சியை (அம்மாவின் அம்மா) வைத்து மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன். பத்து அத்தியாயம் முடிந்தது. பதினொன்றாவதை ஐந்து முறை எழுதி ஐந்து முறையும் கிழித்துவிட்டேன். கதைச் சுருக்கம் இணைத்திருக்கிறேன். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, அடுப்படி வேலை தொடங்கும்வரை கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் எனக்கு. இந்த மே விடுமுறையில் ஒரு வாரம் கடலோரமாக எங்காவது தனியாகத் தங்கி எழுதலாம் என்று ஆசை. வீட்டுக்காரர் மறுக்கவில்லை, "போலாம், எல்லாருமே போலாம்" என்று வேனுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். மாமியார், "கடலைப் பாத்தா கதை வருமா?" என்கிறார். எந்த ஊருக்குப் போகலாம்? தனியாகவா, குடும்பத்தோடா? நாவலை அம்மா படித்தால் என்ன நினைப்பாரோ என்றும் சில சமயம் தோன்றும், அது இருக்கட்டும். ஒரு வரிகூட எழுதாமல் திரும்பிவந்தால் வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது?

(பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்:

உங்கள் கடிதத்தில் இருக்கும் கேள்விகளில் ஆகச் சிறந்தது உங்கள் மாமியாருடையது. கடலைப் பார்த்தால் கதை வருமா? வராது. பதிப்பாசிரியனாக அடுத்தவர் கையெழுத்துப் பிரதிகளோடு காலம் தள்ளுகிறவன் நான். எந்த அத்தியாயம் கடற்கரையில் உட்கார்ந்து எழுதப்பட்டது என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவேன். அதுவரை ரேஷன் கடை வரிசையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்த பெண் திடீரென்று ஜன்னலோரம் போய் நின்று எதையோ வெறிப்பாள். வாக்கியங்கள் நீளும். 'முடிவற்ற' என்ற சொல் பக்கத்துக்கு இரண்டு தடவை வரும். நெல்லுக்குள் நிற்கும் ஊரில் எங்கிருந்தோ உப்புக் காற்று வீசும். அந்தப் பக்கங்களில் நான் சிவப்பு மையை யோசித்துச் செலவழிப்பதில்லை.

இருந்தாலும் நீங்கள் போக வேண்டும். தனியாகப் போக வேண்டும். அதற்கான காரணம், 'அது இருக்கட்டும்' என்று நீங்கள் தள்ளிவிட்ட வரியில் இருக்கிறது.

கதைச் சுருக்கத்தைப் படித்தேன். பதினொன்றாம் அத்தியாயத்தில் அமுச்சி, நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறார். அகலத் தறிக்கு இன்னொரு ஆள் வேண்டும், கூலி கொடுத்து ஆள் வைக்க வழியில்லை, மகள் தறிக்குழியில் இறங்குகிறாள். அந்த மகள் உங்கள் அம்மா. முதல் பத்து அத்தியாயங்களில் அவர் இன்னும் கைக்குழந்தை, அல்லது திண்ணையில் தார்க்குச்சியில் நூல் சுற்றும் சிறுமி. அங்கெல்லாம் உங்கள் பேனா தங்குதடையில்லாமல் ஓடியிருக்கிறது. அவருக்கு ஒரு அநீதி நடக்கிற இடம் வந்ததும், அதை அவருடைய அம்மாவே செய்ததாக எழுத வேண்டிய இடம் வந்ததும் நின்றுவிட்டது. அம்மா இரண்டு தெரு தள்ளி இருப்பதாகவும், சாயங்காலமானால் உங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுப்பதாகவும் வேறொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். காலையில் அந்தக் காட்சியை எழுதிவிட்டுச் சாயங்காலம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். யாராக இருந்தாலும் கிழித்துத்தான் போடுவார்கள். நேரம் இல்லை, இடம் சரியில்லை என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் அதே ஒரு மணி நேரத்தில்தான் பத்து அத்தியாயம் எழுதினீர்கள்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது தூரம். கடல் அந்தத் தூரத்தின் கடைசி எல்லை, அவ்வளவுதான். ஏற்காடு போனாலும் நடக்கும். ஆனால் ஏற்காட்டிலிருந்து வீட்டுக்கு ஓடிவருவது சுலபம்.

எழுதுகிற பொருளிலிருந்து விலகி இருந்துகொண்டு எழுதுவது புதிதல்ல. பிரெஞ்சு இசையமைப்பாளர் க்ளோத் டெபுஸி, கடலைப் பற்றிய தன் பெரிய இசைக்கோவையான 'லா மேர்'-ஐ 1903 கோடையில் தொடங்கியபோது மாமனார் ஊரில் இருந்தார். பர்கண்டிப் பக்கம், கடல் வாசனையே எட்டாத உள்நாடு. நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அதை அவரே கிண்டல் செய்துகொள்கிறார். கடல் பற்றிய நினைவுகள் தன்னிடம் ஏராளமாக இருக்கின்றன, கண்ணெதிரே இருக்கும் கடலைவிட அவை மேல் என்றும் சொல்கிறார். 1905-இல் வேலையெல்லாம் முடிந்தபிறகு, இங்கிலாந்தில் ஈஸ்ட்போர்ன் கடற்கரை ஓட்டலில் தங்கியிருந்தபோது செய்தது அச்சுப்படி திருத்தும் வேலை. கடலை எழுத அவர் வயல்காட்டுக்குப் போனார். தறியை எழுத நீங்கள் கடற்கரைக்குப் போகிறீர்கள். கணக்கு ஆசிரியைக்கு இந்தச் சமன்பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் உங்களுக்கு நெருக்கமான ஆள் ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா வுல்ஃப். 1894 வரை அவருடைய சிறுவயதுக் கோடைகள் கார்ன்வால் கடற்கரையில், செயின்ட் ஐவ்ஸ் என்ற ஊரில் கழிந்தன. வீட்டிலிருந்து பார்த்தால் விரிகுடாவில் ஒரு கலங்கரை விளக்கம். அந்தக் கோடைகளையும் தன் பெற்றோரையும் வைத்து அவர் எழுதிய நாவல் 1927-இல்தான் வந்தது. கார்ன்வாலை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் வைத்தார். அதற்குள் அம்மாவும் அப்பாவும் காலமாகிப் பல ஆண்டுகள். உங்களுக்கு அந்த வசதி இல்லை, இருக்கவும் வேண்டாம், அம்மா நூறு வயது இருக்கட்டும். ஆனால் வுல்ஃபுக்கும் ஒரு வாசகர் வீட்டிலேயே இருந்தார், அக்கா வனெஸா. நாவலைப் படித்துவிட்டு, செத்துப்போன அம்மா எழுந்து வந்ததுபோல இருக்கிறது, வலிக்கிறது என்ற அர்த்தத்தில் தங்கைக்குக் கடிதம் எழுதினார். கோபத்தில் எழுதிய கடிதமல்ல அது.

வேனுக்கு வருவோம். தாகூர் தன் 22-ஆம் வயதில், 1883-இல், கார்வார் கடற்கரைக்குப் போனார். அண்ணன் சத்யேந்திரநாத் அங்கே நீதிபதி. குடும்பத்தோடுதான் போனார், அங்கேதான் ஒரு நாடகமும் எழுதினார். உலகத்தைத் துறந்த சந்நியாசி ஒருவனை ஒரு சின்னப் பெண் மறுபடி பாசத்துக்குள் இழுத்துவருகிற கதை. குடும்பத்தோடு போனால் எழுத முடியாது என்பவர்களுக்கு இதைச் சொல்வார்கள். சரிதான், ஆனால் அந்த வீட்டில் காபி போட்டது தாகூர் இல்லை. துவைக்கப் போட்ட துணியை எண்ணியதும் அவர் இல்லை. நீங்கள் வேனில் போனால் ஈரோட்டு அடுப்படி கடற்கரைக்கு இடம் மாறும், பிள்ளைகளின் துண்டில் மணல் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டுக்காரர் நல்ல மனிதராகத் தெரிகிறார், அவர் மனம் நோக வேண்டாம். முதல் ஐந்து நாள் நீங்கள் மட்டும் போங்கள். கடைசி இரண்டு நாளுக்கு வேன் வரட்டும். அவர்கள் வந்து இறங்கியதும் நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அலையில் கால் நனைக்கப் போய்விடுங்கள். அந்த இரண்டு நாளில் 'அரை மணி நேரம் மட்டும்' என்று எழுத உட்கார வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் நஷ்டம்.

ஊர். புதுச்சேரி வேண்டாம். அழகான ஊர்தான், ஆனால் உங்களுக்கு இருப்பது ஐந்து நாள், அங்கே உட்காரத் தோன்றும் காபிக் கடைகளே ஐம்பது இருக்கும். சனி ஞாயிறுகளில் தெருவில் நடக்க முடியாது. கன்னியாகுமரியில் சூரியனைப் பார்க்க வந்த கூட்டம் உங்களைத் தூங்க விடாது. தனுஷ்கோடி என்று எழுதியிருந்தால் தடுத்திருப்பேன். 1964 புயல் அழித்த பிறகு அங்கே தங்குவதற்கு ஒன்றுமில்லை, ராமேஸ்வரத்தில் தங்கிப் போய்வர வேண்டும்.

என் தேர்வு தரங்கம்பாடி. கோவை–மயிலாடுதுறை ஜன் சதாப்தி ஈரோடு வழியாகத்தான் போகிறது. காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மயிலாடுதுறை, அங்கிருந்து பேருந்தில் சுமார் 30 கிலோமீட்டர். சின்ன ஊர். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, பாதியைக் கடல் கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயில், நடந்தால் ஒரு சாயங்காலத்தில் பார்த்து முடித்துவிடலாம். பார்த்து முடித்துவிடலாம் என்பதுதான் எழுதப் போகிறவருக்கு அந்த ஊரின் பெரிய தகுதி. எனக்கு அந்த ஊர்மேல் தொழில்முறைப் பாசமும் உண்டு. 1706-இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்து, 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அச்சுத் தமிழில் சோறு தின்கிறவர்கள் ஒருமுறை போய்வர வேண்டிய இடம்.

தங்குமிடம் அங்கே அதிகம் இல்லை, முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். பதிவு செய்யும்போதே 'ஒரு பெண், தனியாக, ஐந்து இரவு' என்று சொல்லிவிடுங்கள். வரவேற்பு மேஜையில் நின்றபிறகு 'கூட யாரும் வரலையா?' என்று இழுக்கிற இடங்கள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. அந்த இழுப்பைத் தொலைபேசியிலேயே கேட்டுவிட்டால் வேறு இடம் பார்க்கலாம். ஜன்னலில் கடல் தெரிய வேண்டும் என்று கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். மேஜையும் நேரான நாற்காலியும் இருக்கிறதா என்று கேளுங்கள். மேஜை ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தால் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

மே மாதத்துக் கிழக்குக் கடற்கரையைப் பற்றி ஆசைகாட்டி எதுவும் எழுத எனக்கு மனமில்லை. காலை எட்டரைக்கு மேல் மணலில் நிற்க முடியாது. மதியத்தை ஒட்டிக் கடல்காற்று வந்தால் பிழைத்தோம். மேலக்காற்று பலமாக இருக்கும் நாளில் கடல்காற்று தாமதமாகத்தான் உள்ளே நுழையும், அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் விடிகாலை நாலு மணிக்கு எழும் உங்களுக்கு இது பாதிப்பில்லை. அதே நாலு மணிக்கு எழுந்து, அடுப்படிக்குப் போக வேண்டியில்லாத நாலு மணி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எட்டு வரை எழுதினால் நாலு மணி நேரம். வீட்டில் நாலு நாளில் கிடைப்பது. அதற்குமேல் அன்றைக்கு எழுத வேண்டாம்.

முதல் நாள் தூங்குவீர்கள். இரண்டாம் நாளும் பாதி தூங்குவீர்கள். வருடக்கணக்காக நாலு மணிக்கு எழுந்தவருக்கு உடம்பு கேட்கும் கடன் அது, கொடுத்துவிடுங்கள். அலறிப்போய் 'இரண்டு நாள் வீணாகிவிட்டதே' என்று மூன்றாம் நாள் நள்ளிரவுவரை உட்காராதீர்கள்.

சாயங்காலத்தில் ஜாக்கிரதை. கடற்கரைக்குப் போனால் உற்சாகம் பொங்கும் என்பது விளம்பரப் பலகைக்காரர்கள் சொன்னது. நம் பழைய கவிகள் நெய்தல் நிலத்துக்குக் கொடுத்த உரிப்பொருள் இரங்கல். பொழுது எற்பாடு, வெயில் சாயும் நேரம். அவர்கள் கடலோரத்தில் வாழ்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்கள். ஐந்து மணிக்குமேல் தனியாக மணலில் உட்கார்ந்தால் உங்களுக்கு வீட்டு நினைப்பு வரும், பையன் சாப்பிட்டானா என்று தோன்றும், இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று தோன்றும், காலையில் எழுதியது குப்பை என்றும் தோன்றும். தோன்றட்டும். சாயங்காலத்தில் காலைப் பக்கங்களை எடுத்துப் படிக்காதீர்கள், வீட்டுக்கும் அந்த நேரத்தில் போன் செய்யாதீர்கள். மதியம் ஒரு மணிக்குப் பேசுவதாகச் சொல்லி வையுங்கள், அப்போது யாருக்கும் குரல் தழுதழுக்காது.

எடுத்துப்போக வேண்டியது கொஞ்சம்தான். பத்து அத்தியாயப் பிரதியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கையில் இருந்தால் முதல் அத்தியாயத்தில் காற்புள்ளி திருத்த ஆரம்பித்து ஐந்து நாளையும் கடத்திவிடுவீர்கள், எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தந்திரம் அது. பத்தாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் மட்டும் போதும். கோடு போட்ட சாதாரண நோட்டு, பால்பாயின்ட் பேனா. கடலோர ஈரத்தில் தாள் நமுத்துப்போகும், மைப்பேனா ஊறும். மடிக்கணினி கொண்டுபோனால் மணல்பக்கம் எடுத்துச்செல்லாதீர்கள், உப்புக்காற்று அதற்கு ஆகாது.

அங்கே எழுத வேண்டியது பதினொன்றாம் அத்தியாயம் முழுவதும்கூட அல்ல. ஒரே ஒரு காட்சி. மகள் முதல் நாள் தறிக்குழியில் இறங்கும் காலை. அமுச்சியைக் குற்றவாளியாக்காமல், காப்பாற்றவும் செய்யாமல் எழுதுங்கள். கிழித்துப்போட்ட ஐந்தும் எனக்குக் கிடைக்கவில்லை, ஆனால் ஊகிக்கிறேன். சிலவற்றில் அமுச்சி அழுதிருப்பார். அவரை அழவிடாதீர்கள். அன்றைக்குப் பாவில் எத்தனை இழை அறுந்தது, மகளின் கால் மிதிபலகைக்கு எட்டியதா, பள்ளிக்கூட மணிச் சத்தம் தறிக்குழிக்குள் கேட்டதா, அதை எழுதுங்கள். இந்த விவரங்களெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன, பவானியில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் போகும் சமயம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, சின்னப் படகுகள் மட்டும் போய்வரும். கரையில் ஆட்கள் வலை பின்னிக்கொண்டு, பேச்சுக்கு ஆள் தேடிக்கொண்டு இருப்பார்கள். பேசுங்கள், நூலும் முடிச்சும் தெரிந்த வீட்டுப் பெண் நீங்கள், அவர்களுக்கும் உங்களிடம் பேச விஷயம் இருக்கும். ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். தரங்கம்பாடி அன்றைக்கு நாகை மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். எழுத்தாளர் என்றாலே அதைக் கேட்க வந்தவர் என்று அந்தக் கரை மனிதர்கள் பழகிப்போயிருக்கிறார்கள். அது உங்கள் நாவலும் இல்லை.

கடலில் இறங்குவதானால் ஆட்கள் குளிக்கிற இடத்தில் மட்டும், முழங்கால் அளவோடு. நம் கிழக்குக் கரையில் பார்வைக்கு அமைதியாக இருக்கிற இடத்தில்தான் நீரோட்டம் உள்ளே இழுக்கும். நீச்சல் தெரியும் என்பது அங்கே செல்லாது.

ஒரு வரிகூட எழுதாமல் திரும்பினால் எந்த முகத்தோடு நிற்பது என்று கேட்டிருந்தீர்கள். போகும்போது 'நாவலை முடிக்கப் போகிறேன்' என்று வீட்டில் சொல்லாதீர்கள். 'ஐந்து நாள் ஓய்வெடுக்கப் போகிறேன்' என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. ஓய்வுக்குப் போனவளிடம் யாரும் பக்கக் கணக்குக் கேட்க முடியாது. மாமியாரிடம் மட்டும், நீங்கள் கேட்டது சரிதான் அத்தை, கதை வராதாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவர் உங்கள் பக்கம் வந்துவிடக்கூடும்.

அம்மா விஷயம். நாவல் முடியும்வரை ஒரு பக்கமும் அவருக்குக் காட்ட வேண்டாம், அவரைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள் என்று சொல்லவும் வேண்டாம். முடிந்தபிறகு, அச்சுக்குப் போகும் முன், மற்ற யாருக்கும் முன்பாக அவரிடம் கொடுங்கள். கண் தெரியாவிட்டால் பதினொன்றாவதை மட்டும் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். 'இதை எடுத்துரு' என்று அவர் சொன்னால் எடுப்பதா வேண்டாமா என்று அப்போது யோசிக்கலாம், எழுதாத பக்கத்தை எடுப்பதைப் பற்றி இப்போது யோசித்துப் பயனில்லை. இன்னொன்றும் நடக்கலாம், அதற்கும் தயாராக இருங்கள். 'இப்படியா நடந்துச்சு, நானேதான் படிப்பு வேண்டாம்னு சொன்னேன்' என்று அவர் சொல்லலாம். அப்படிச் சொன்னால் நாவலில் இன்னும் இரண்டு அத்தியாயம் கூடும்.

ஜன் சதாப்தியில் மே மாத இருக்கைகள் சீக்கிரம் நிறைந்துவிடும், இந்த வாரமே பதிவு செய்யுங்கள். பிரதியை எங்களுக்கு அனுப்புவதானால் ஆகஸ்டுக்குள் அனுப்புங்கள். செப்டம்பரிலிருந்து ஜனவரிச் சென்னைப் புத்தகக் காட்சி முடியும்வரை எந்தப் பதிப்பகத்திலும் உங்கள் உறையைப் பிரித்துப் பார்க்க ஆள் இருக்காது.